கயிறு கை மாறுவதற்கு முன்

மாட்டுச் சந்தைக்குள் நுழைந்து, கண்ணுக்குப் பிடித்த மாட்டருகே போய் நின்று "என்ன விலைங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் விலை வராது. "மொதல்ல மாட்டைப் பாருங்க" என்பார் விற்பவர். இல்லாவிட்டால் "நீங்க கேளுங்க" என்பார். முதலில் தொகையை வாய்விட்டவர் பாதிப் பேரத்தைக் கோட்டைவிட்டார் என்பது இரண்டு பக்கமும் தெரிந்த கணக்கு. புதிதாகப் போகிறவர்கள் இந்த இழுபறிதான் சந்தை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேரம் கடைசிக் கால்மணி நேர வேலை. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மாட்டை எப்படிப் பார்த்தோம் என்பதைப் பொறுத்துத்தான் பணம் மிஞ்சும், அல்லது போகும். கயிறு கை மாறிவிட்டால் மாட்டோடு சேர்ந்து அதன் குறையும் கை மாறிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் திரும்பப் போய்க் கேட்டால் விற்றவர் காது கொடுத்துக் கேட்பார், அவ்வளவுதான்.

வாரச் சந்தை ஒரு மாதிரி, வருடச் சந்தை வேறு மாதிரி. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும், ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழன், மணப்பாறையில் செவ்வாய் மாலை தொடங்கிப் புதன். ஆட்டுக்கு எட்டயபுரம் சனி, செஞ்சி வெள்ளி, அய்யலூர் வியாழன், மேலப்பாளையம் செவ்வாய். இந்த வாரச் சந்தைகளில் நல்ல உருப்படி விடியுமுன்பே கை மாறிவிடும். கேரள வியாபாரிகளும் உள்ளூர் வியாபாரிகளும் இருட்டிலேயே சுற்றி, வண்டியிலிருந்து இறங்கும்போதே மடக்கிவிடுவார்கள். அவர்களோடு போட்டி போடுகிறேன் என்று டார்ச் வெளிச்சத்தில் மாடு பிடிப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடாத வேலை. கண்ணில் பூ விழுந்திருப்பதும் தோலில் இருக்கும் தடிப்பும் டார்ச்சில் தெரியாது. வியாபாரிக்குப் பத்தில் ஒன்று தவறினாலும் மற்ற ஒன்பதில் சரிக்கட்டிக்கொள்வார். நமக்கு ஒரே மாடு.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா, கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரைத் தேர், திருவண்ணாமலை தீபம் போன்றவற்றை ஒட்டி நடக்கும் வருடச் சந்தைகள் பல நாள் நீளும். முதல் நாள் சொல்லும் விலை ஆகாயத்தில் இருக்கும். கடைசி நாள் தீவனமும் தீர்ந்து, திரும்பக் கொண்டுபோகும் வண்டி வாடகையும் கண்முன் நிற்கும்போது விலை இறங்கும். ஆனால் கடைசி நாள் நிற்கும் மாட்டை நாலு நாளாக நூறு பேர் பார்த்து வேண்டாமென்று போயிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சந்தைகளுக்குத் தாவணி என்றும் பெயர். இரண்டு முளைக்கு நடுவே நீளமாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி அதில் வரிசையாக மாடுகளைப் பிணைப்பார்கள். அந்தக் கயிறுதான் தாவணி. மதுரையில் பேருந்து ஏறுகிறவர்கள் மாட்டுத்தாவணி என்று தினமும் சொல்வது இதைத்தான்.

வாயிலிருந்து ஆரம்பிப்போம். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையில் எட்டு. கன்று பிறக்கும்போதே சில பால்பற்கள் இருக்கும், ஒரு மாதத்துக்குள் எட்டும் வந்துவிடும். பிறகு நடுவிலிருந்து ஜோடி ஜோடியாக விழுந்து நிலைப்பல் முளைக்கும். நாட்டு மாட்டில் முதல் ஜோடி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயதில். இரண்டாவது மூன்றை ஒட்டி, மூன்றாவது மூன்றரை வாக்கில், நான்காவது நாலு, நாலரையில். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று சொல்வது இந்த நிலைப்பற்களைத்தான். கலப்பின மாட்டுக்குச் சில மாதம் முந்தும், எருமைக்குப் பிந்தும். எட்டும் சேர்ந்தபின் பல்லை எண்ணிப் பயனில்லை, தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். பல்லின் மேல்விளிம்பு உளிபோல் இருந்தால் இளசு. மொட்டையாகி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, வேர்க்கழுத்து தெரிந்தால் பத்து வயதைத் தாண்டியது. விற்பவர் வாயைத் திறந்து காட்டும்போது ஒரு நொடி காட்டி மூடிவிடுவார். நீங்களே மூக்கைப் பிடித்து, கீழுதட்டை விரலால் மடக்கி, நிதானமாகப் பாருங்கள். நாக்கில் புண், ஈறில் கொப்புளம், நூலாக ஒழுகும் உமிழ்நீர் இருந்தால் அது கோமாரி என்ற தொற்றுநோய். அந்த மாட்டை மட்டுமில்லை, அந்த வரிசையையே விட்டு நகர்ந்துவிட வேண்டும்.

பல் பார்க்க விடாத மாட்டுக்குக் கொம்பு வளையத்தை எண்ணுவது உண்டு. முதல் வளையம் மூன்று வயதை ஒட்டி விழும் என்பதால் வளையத்தோடு இரண்டைக் கூட்டினால் வயது என்பார்கள். இந்தக் கணக்கை நம்பி நானென்றால் ஐந்து ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். கொம்பைச் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி, எண்ணெய் தடவி, வர்ணமும் அடித்துக் கொண்டுவருவது பொங்கலுக்கு மட்டும் நடக்கிற காரியமில்லை.

கறவை மாட்டில்தான் ஏமாற்று வேலைக்கு அதிக இடம். எல்லாருக்கும் தெரிந்தது மடி கட்டுவது. சந்தைக்கு முந்தைய நாள் காலைக்குப் பிறகு கறக்காமல் விட்டுவிடுவார்கள். மறுநாள் காலை மடி பானை மாதிரி இருக்கும். கறந்து காட்டினால் எட்டு லிட்டர் வரும். அது ஒரு வேளைப் பால் இல்லை, இரண்டு வேளைப் பால். அடையாளம் இருக்கிறது. காம்புகள் நேராகத் தொங்காமல் நாலு பக்கமும் விரிந்து நிற்கும், மடித்தோல் பளபளவென்று இறுகியிருக்கும், மாடு பின்னங்காலை மாற்றி மாற்றி வைக்கும், சில சமயம் பால் தானாகச் சொட்டும். இப்படி இருந்தால் "இப்பக் கறங்க, சாயங்காலம் இன்னொரு தடவை கறப்போம்" என்று சொல்லுங்கள். உள்ளூர்க்காரராக இருந்தால் ஒத்துக்கொள்வார். வண்டி ஏற்ற அவசரப்படுபவர் மழுப்புவார். அந்த மழுப்பலே பதில்.

கறந்து முடித்தபின் மடியைப் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நல்ல பால்மடி காலியானதும் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி சுருங்கித் தொங்கும். கறந்தபிறகும் அதே பருமனில் நின்றால் அது சதைமடி. பார்வைக்குப் பெரிசு, பாலுக்கு ஆகாது. நாலு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியிலோ இருண்ட தட்டிலோ விட்டுப் பாருங்கள். திரி, கட்டி, நீர்த்த பால், ரத்தச் சாயல் எது இருந்தாலும் மடிநோய். ஒரு காம்பு மட்டும் கல்போல் கனத்திருந்தால், மடியில் அந்த நாலில் ஒரு பங்கு எப்போதோ செத்துப்போயிருக்கும். மூன்று காம்பு மாடு என்று தெரிந்தே குறைத்து வாங்குவதில் தவறில்லை. தெரியாமல் வாங்குவதில்தான் வயிற்றெரிச்சல். கறப்பது யார் என்பதும் முக்கியம். விற்பவர் கறந்தால் மாடு சாதுவாக நிற்கும். நீங்கள் உட்கார்ந்தால் உதைக்கலாம், பாலை அடக்கிக்கொள்ளலாம். அதனால் பாதிக்கு மேல் நீங்களே கறக்க வேண்டும். கறவைக்கு முன் மாட்டை ஓரமாக ஓட்டிக்கொண்டு போய் ஊசி போட்டு வருகிறார்களா என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசியில்லாமல் சுரக்காத மாடு உங்கள் தொழுவத்தில் மூன்றாம் நாள் கையை விரிக்கும்.

இரண்டாவது, கன்று மாற்றுவது. ஈன்று ஆறு மாதமாகி வற்றப்போகிற மாட்டோடு பத்து நாள் கன்றைக் கட்டிக் கொண்டுவருவார்கள். மாடு ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் பால் உச்சத்துக்குப் போகும், அதற்கப்புறம் இறங்குமுகம். ஆகவே பத்து நாளில் எட்டு லிட்டர் கறக்கும் மாடும் ஆறு மாதத்தில் எட்டு லிட்டர் கறக்கும் மாடும் ஒன்றல்ல. வாங்குகிறவருக்கு முன்னதில் ஏறும் பால், பின்னதில் இறங்கும் பால். கன்றை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். பெற்ற தாய் கன்றின் வால்மூலத்தை முகர்ந்து நக்கும், கன்று எங்கே போனாலும் கழுத்து திரும்பும். மாற்றுக் கன்று என்றால் ஊட்டும்போது உதறும், கொம்பால் ஒதுக்கும். கன்றின் தொப்புளையும் பாருங்கள். பத்து நாள் கன்றில் காய்ந்த கொடியோ புதிதாக உதிர்ந்த தடமோ இருக்கும். எட்டுப் பல்லும் நன்றாக ஏறி, நின்ற இடத்தில் அசைபோட்டுக்கொண்டிருக்கும் கன்றைப் பத்து நாள் என்று சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

சினை மாட்டுக்கு வயிற்றைத் தட்டிச் சொல்லும் மாதக் கணக்கு பெரும்பாலும் ஊகம். உப்பும் தவிடும் கலந்து தண்ணீர் காட்டினால் எந்த மாட்டுக்கும் வயிறு எழும்பும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சினையைக் கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். பெரிய சந்தைகளுக்குப் பக்கத்தில் மருத்துவர் கிடைப்பார், அவரைக் கூட்டிவரும் செலவு மாட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், எருமைக்கு 310, ஆட்டுக்கு 150. எந்தத் தேதியில் சினை ஊசி போட்டது அல்லது காளைக்கு விட்டது என்று கேட்டு, எண்ணிப் பாருங்கள். தேதி சொல்லத் தடுமாறினால் சினையும் தடுமாற்றம்தான். எத்தனையாவது ஈத்து, அதாவது எத்தனையாவது பிரசவம் என்பதைப் பல்லோடு ஒப்பிடுங்கள். ஆறு பல் மாட்டை மூன்றாம் ஈத்து என்று யாராவது சொன்னால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

நடையைப் பார்க்காமல் எந்த மாட்டையும் முடிக்கக்கூடாது. மணலில் நொண்டல் தெரியாது, கெட்டித் தரையில் இருபது அடி நடத்திப் பாருங்கள், பின்னாலிருந்து ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம். குளம்பு இடுக்கை முகர்ந்து பாருங்கள், அழுகல் இருந்தால் நாறும். படுத்திருக்கும் மாடானால் எழுப்பச் சொல்லுங்கள். பின்பக்கம் முதலில் எழும்பி ஒரே மூச்சில் நிற்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் கையை ஆட்டும்போது காற்று படாமல் ஆட்டுங்கள், காற்றுக்குக் குருட்டு மாடும் இமைக்கும்.

உழவு மாடு, வண்டி மாடு என்றால் பூட்டிப் பார்ப்பதுதான் சோதனை. வெறும் வண்டியில் ஓட்டிக் காட்டுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள், நாலு பேரை ஏற்றிக் கால்மணி நேரமாவது ஓட்ட வேண்டும். சுமை ஏறியதும் படுத்துக்கொள்ளும் மாடு ஒன்று உண்டு. அடித்தாலும் எழாது. அதைவிடப் பெரிய குறை எருதுக்கு இல்லை. பிறகு ஜோடிப் பொருத்தம். திமில் உயரம் ஒத்துப்போகிறதா, நடை ஒத்துப்போகிறதா, நுகத்தில் எது இடப்பக்கம் பழகியது, எது வலப்பக்கம் பழகியது. வலப்பக்கம் பழகியதை இடப்பக்கம் கட்டினால் முரண்டும். தனி மாடாக வாங்கி வீட்டில் இருப்பதோடு சேர்க்கப் போகிறவர் இதைக் கேட்காமல் வாங்கினால் ஒரு பருவ உழவு போச்சு. காங்கேயம் கன்று வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: அந்த இனத்தில் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் நிறம் மாறும். சிவப்புக் கன்றைப் பார்த்துச் செவலை என்று முடிவு கட்ட வேண்டாம்.

சுழி பற்றிச் சொல்லாமல் சந்தையைப் பற்றி எழுத முடியாது. மயிர் சுழன்று நிற்கும் இடத்தையும் வடிவத்தையும் வைத்து ராசி பார்ப்பது. கோபுரச் சுழி, லட்சுமி சுழி, தாமணிச் சுழி என்று நல்லவை ஒரு பக்கம். விலங்குச் சுழி, பாடைச் சுழி, துடைப்பச் சுழி, முக்கண் சுழி, பெண்டிழந்தான் சுழி என்று கெட்டவை ஒரு பக்கம். பெயரைக் கேட்டாலே வாங்குகிறவர் பின்வாங்குவார். முதுகுத்தண்டில் பூரான் வடிவில் ஓடும் மயிர் திமிலை நோக்கி ஏறினால் ஏறுபூரான், நல்லது. இறங்கினால் இறங்குபூரான், ஆகாது. பால் சுரப்புக்கும் சுழிக்கும் சம்பந்தம் கிடையாது என்பது என் கருத்து. ஆனாலும் சுழி தெரியாமல் சந்தைக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் நம்பாவிட்டாலும் நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவர் நம்புவார். ஆகாத சுழி உள்ள நல்ல கறவை மாடு மலிவாகக் கிடைக்கும். கடைசிவரை வைத்துக் கறப்பவருக்கு அது லாபம். இரண்டு ஈத்து கறந்து விற்கிறவருக்கு விற்கும்போது அதே தள்ளுபடி திரும்ப வந்து அடிக்கும். சில விற்பனையாளர்கள் கெட்ட சுழியில் மயிரைச் சிரைத்துவிட்டு, புண்ணுக்கு மருந்து போட்டது என்பார்கள்.

ஆட்டுக்கு இவ்வளவு சடங்கில்லை. முதல் ஜோடி நிலைப்பல் ஒன்று, ஒன்றரை வயதில் வரும். பக்ரீத்துக்கு முன்னால் இந்த இரண்டு பல்லுக்குத் தனி விலை, ஏனென்றால் குர்பானிக்கு வெள்ளாடு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், கொம்பு முறிவு, காதறுப்பு, நொண்டல் போன்ற குறை கூடாது. ஆடி மாதத்தில் கோயில் வெட்டுக்கு மறுவில்லாத கறுப்புக் கிடாய்க்கு விலை ஏறும். புரட்டாசியில் கறி தின்பவர் குறைவதால் சந்தை படுத்துவிடும். வளர்க்க வாங்குகிறவருக்கு அதுதான் நேரம், தீபாவளிக்கு விலை தானாக எழும்பும். கறிக்கு வாங்குபவர்கள் இடுப்பெலும்பின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். முள் குத்தினால் சதையில்லை. உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி தேறும். இருபது கிலோ கிடாயில் ஒன்பது, பத்து கிலோ. தராசில் நிறுத்து விற்கும் இடங்களில் காலையில் தண்ணீர் காட்டிக் கொண்டுவருவது வழக்கம், வயிற்றில் கிடப்பதே எடையில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகும். பட்டியாக மொத்தமாக வாங்கும்போது நடுவில் நிற்கும் நோஞ்சானைப் பார்க்க மாட்டோம். ஒவ்வொன்றையும் ஒரு வாசல் வழியாக ஓட்டிவிட்டு எண்ணுங்கள், கீழ்க்கண்ணிமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்துவிட்டது.

மாட்டுக்குத் தராசு இல்லாத இடத்தில் ஒரு நூலும் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்புவரை நீளத்தை எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 60, நீளம் 50 என்றால் ஏறத்தாழ 273 கிலோ வரும். முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் தரகர் கண்மதிப்பில் "முன்னூத்தம்பது தேறும்" என்று அடித்துவிடுவதற்கு இது பதில்.

இனி பேரம். தரகர் தோளில் கிடக்கும் துண்டை உங்கள் கைமேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடிப்பார். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், விலையை விரல் பேசும். பொதுவான முறை இது: ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, கட்டைவிரல் தவிர்த்த நாலும் நாலு, முழுக்கை ஐந்து. ஆறு முதல் ஒன்பதுவரை முழுக்கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு மேலே வேண்டிய விரலைப் பிடிப்பது. முதல் பிடி பத்தாயிரம், இரண்டாம் பிடி ஆயிரம், மூன்றாம் பிடி நூறு. 42,500 சொல்ல நாலு விரல், இரண்டு விரல், முழுக்கை. சந்தைக்குச் சந்தை சில பிடி மாறும், அதனால் புது இடத்தில் முதலிலேயே "நம்ம பிடி எப்படிங்க?" என்று கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். வணிகர்களிடம் இதற்கு இணையாக வாய்க்கணக்கும் இருந்தது. மதி ஒன்று, வினை இரண்டு, குணம் மூன்று, சுருதி நாலு, சரம் ஐந்து, மதம் ஆறு, திரை ஏழு, கிரி எட்டு, மணி ஒன்பது. வினை இரண்டானது நல்வினை தீவினையால், சரம் ஐந்தானது மன்மதன் அம்பால். கணக்கு வாத்தியார் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

துண்டுக்கு நியாயமான காரணம் உண்டு. பக்கத்தில் நிற்கிறவருக்கு நம் மதிப்பு தெரியாது. பேரம் முறிந்தால் "இவ்வளவுக்குக் கேட்டும் போகலை" என்ற பெயர் மாட்டுக்கு வராது, விற்பவருக்கு அடுத்த ஆளிடம் முகம் கெடாது. துண்டின் மறுபக்கமும் உண்டு. தரகர் உங்களிடம் ஒரு கை, விற்பவரிடம் ஒரு கை என்று மாறி மாறிப் போகிறார்.

"குடுங்க கையை."

விற்பவர் துண்டுக்குள் விட்ட கையை உருவிக்கொள்வார். "போங்கண்ணே, போன வாரமே இதுக்கு மேல கேட்டுட்டாங்க."

"அது போன வாரங்க. இன்னைக்கு எத்தனை வண்டி நிக்குதுன்னு பாத்தீங்களா? மறுக்கா குடுங்க."

இப்படி நாலைந்து நடை. அவர் உங்களிடம் பிடித்தது 43, விற்பவரிடம் பிடித்தது 40 என்றால் நடுவில் நிற்கும் மூவாயிரம் தரகுக்கு மேல் தரகருக்கு. இதைத் தடுக்க ஒரே வழி, முடிந்த தொகையை இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி வாய்விட்டுச் சொல்லச் செய்வது. பணத்தை உங்கள் கையால் விற்பவர் கையில் எண்ணிக் கொடுங்கள். தரகைத் தனியாக, முன்பே பேசிய தொகையாக, இரண்டு பக்கமும் அவரவர் கொடுக்க வேண்டும். இந்த ஒழுங்குக்குச் சம்மதிக்கும் தரகர் நல்லவர். அப்படிப்பட்டவரை விட்டுவிடாதீர்கள், அடுத்த முறை மாட்டின் ஊர், வீடு, எத்தனை கை மாறியது எல்லாம் அவர் மூலம் தெரியும். இப்போது செல்போனில் எண்ணைத் தட்டிக் காட்டியும் பேரம் நடக்கிறது. அதில் 42-ஐ 24 என்று தவறாகப் புரிந்துகொள்ளும் சண்டை இல்லை, ஆனால் எட்டிப் பார்க்க நாலு தலை வந்துவிடுகிறது.

பேரம் படிந்ததும் அச்சாரம். கையில் ஐந்நூறோ ஆயிரமோ வைத்துவிட்டால் அந்த மாடு உங்களுடையது, மேலே எவர் கூட்டிக் கேட்டாலும் விற்பவர் மாறக்கூடாது. நீங்கள் மாறினால் அச்சாரம் போச்சு. இதில் ஒரு தந்திரம் உண்டு: நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தரகர் உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்த மாதிரி ஒரு நோட்டை விற்பவர் கையில் திணித்து "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று கூவிவிடுவார். சுற்றி நிற்பவர்கள் சாட்சியாகிவிடுவார்கள். பிடிக்காவிட்டால் அந்த நொடியிலேயே சத்தமாக மறுக்க வேண்டும், ஐந்து நிமிடம் கழித்து மறுத்தால் சண்டை. கறவை மாட்டில் விற்பவர் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால், ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வைத்து "மூணு நாள் கறந்து பாத்துட்டுத் தர்றேன்" என்று பேசலாம். எத்தனை லிட்டர், எத்தனை நாள், குறைந்தால் மாடு திரும்புமா பணம் குறையுமா என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பிறகுதான் கயிறு. பல வீடுகளில் தங்கள் கயிற்றோடு மாட்டைக் கொடுக்க மாட்டார்கள், கயிற்றோடு லட்சுமியும் போய்விடுவாள் என்ற நம்பிக்கை. கிழக்குப் பார்த்து நின்று கயிறு மாற்றிக் கொடுப்பார்கள். ஆகவே வாங்குகிறவர் புதுக் கயிற்றோடு போக வேண்டும், மறந்தால் சந்தை வாசலிலேயே கழுத்துக் கயிறு, மூக்கணாங்கயிறு, மணி, லாடம் எல்லாம் கிடைக்கும். மூக்கணாங்கயிற்றை மட்டும் சந்தையில் மாற்றாதீர்கள், புண்ணாகி ஈ மொய்த்தால் வழியெல்லாம் தொல்லை. மாட்டைக் கொடுக்கும் முகூர்த்தத்துக்கும் கணக்கு உண்டு. வெள்ளிக்கிழமை மாட்டை வெளியே அனுப்பாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் வியாழன் மாலை பேரம் நீண்டால் சனிக்கிழமைதான் மாடு கிடைக்கும்.

காகித வேலையை இந்தக் காலத்தில் அலட்சியம் செய்ய முடியாது. சந்தைச் சுங்கம் கட்டிய ரசீது வாங்குங்கள். குத்தகை எடுத்தவர் வாசலில் வசூலிப்பார், ரசீது கேட்டால்தான் கிழித்துத் தருவார். காதில் 12 இலக்க அடையாள வில்லை இருந்தால் எண் தெரியும்படி மாட்டோடும் விற்பவரோடும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் பெயர் மாற்றுவார்கள். வில்லை பிய்ந்து காது மட்டும் கிழிந்திருக்கும் மாட்டைப் பற்றி இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். லாரியில் ஏற்ற 1978-ம் ஆண்டுப் போக்குவரத்து விதிப்படி ஒரு சரக்கு வண்டியில் 6 மாட்டுக்கு மேல் கூடாது, கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் வேண்டும். சந்தை விற்பனைக்கே கட்டுப்பாடு கொண்டுவந்த மத்திய அரசின் 2017 மே மாத விதிகளுக்கு மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அதே மாதம் தடை போட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. ஆனாலும் அந்தச் சமயத்திலிருந்து வழியில் வண்டியை நிறுத்திக் காகிதம் கேட்பது கூடிவிட்டது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் மாதங்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கையில் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவைக்கும். அந்த வாரங்களில் சந்தை காற்றாடுவதற்கு அதுதான் காரணம். வங்கியில் எடுத்த சீட்டைக் கையோடு வைத்திருங்கள்.

ஏற்றும்போது மேடோ சாய்வுப் பலகையோ வைத்து ஏற்றுங்கள், வண்டிக்குள் மணலோ வைக்கோலோ பரப்புங்கள். வழுக்கி விழுந்து இடுப்பு போன மாட்டுக்கு வைத்தியமில்லை. கன்றைத் தாயின் காலடியில் விடாமல் தனியாகத் தடுத்துக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் நீர் தெளித்து உள்ளே அழைத்துக்கொள்வதில் ஆட்சேபணையில்லை, ஆனால் நேராகப் பழைய மாடுகளோடு கட்டாதீர்கள். மூன்று வாரம் தனித் தொழுவம், தனித் தொட்டி, தனி வாளி. கோமாரியும் தோல் கழலை நோயும் வெளித்தெரிய அவ்வளவு அவகாசம் வேண்டும். ஆடாக இருந்தால் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் அதே கணக்கு. பழைய மாட்டைக் கவனித்த பிறகு புதியதைக் கவனியுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள். விற்பவரிடம் என்ன தீவனம் போட்டார் என்று கேட்டு முதல் இரண்டு நாள் அதையே போட்டு, பிறகு ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள். பயணக் களைப்பிலும் இடமாற்றத்திலும் முதல் சில நாள் பால் குறையும், அது ஏமாற்று இல்லை. பத்தாம் நாள் இரண்டு வேளைப் பாலையும் அளந்து பாருங்கள். விற்பவர் சொன்ன அளவோடு ஒப்பிட வேண்டியது அந்த அளவைத்தான்.